மாட்டு ஆஸ்பத்திரியில் கைப்பழக்கம்!
வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் கற்கும் உதவியாளர்கள்

காலை எட்டு மணி.

ஊர்க்கோடியில் உள்ள கால்நடை மருந்தகத்தின் வேப்பமரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கறவைப் பசுக்கள், கன்றுகள், நான்கைந்து வெள்ளாடுகள், கூடையில் கவிழ்த்துக் கொண்டுவந்த கோழிகள், ஒரு சிறுவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் நாய்க்குட்டி. எல்லாம் நோயாளிகள். ஆனால் இவற்றில் ஒன்றாவது, "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று வாய் திறந்து சொல்லப் போவதில்லை.

வரிசையில் முதலாவதாக ஒரு கிழவி, ஒரு பசு. கிழவிக்கு வேறு சொத்து கிடையாது. காலையில் கறக்கும் பாலில்தான் அடுப்பு எரிகிறது.

"நேத்து ராத்திரியிலேருந்து தீனி எடுக்கலை ஐயா. வாயில எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கு. தொண்டையில என்னமோ அடைச்சிருக்கு. கையை விட்டுப் பாருங்க, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுகிறாள்.

பயிற்சிக்கு வந்து ஒரு வாரமே ஆன இளைஞர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னே வருகிறார். பசுவின் வாய்க்குள் அவருடைய கை போகப் போகிறது.

"நில்லுங்க தம்பி!"

டாக்டர் போட்ட அதட்டலில் இளைஞரின் கை அப்படியே நின்றுவிடுகிறது.

"வெறிநாய் கடிச்ச மாட்டுக்கும் இப்படித்தான் எச்சி ஒழுகும். விழுங்க முடியாம, என்னமோ அடைச்ச மாதிரிதான் நிக்கும். அந்த எச்சி உங்க கைக் கீறல்ல பட்டா என்ன ஆகும் தெரியுமா?"

இளைஞரின் முகம் வெளுத்துவிடுகிறது. வெறிநோயின் அறிகுறிகள் மனிதனிடம் தோன்றிவிட்டால், அதன் பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. கடிபட்டவுடன், எச்சில் பட்டவுடன், போட்டுக்கொள்ளும் தடுப்பூசிதான் காப்பாற்றும்.

முதலில் கேள்வி, பிறகுதான் கை. அன்றைய முதல் பாடம் இதுவே. அந்தப் பசு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

யார் இவர்கள்?

கிராமத்து ஜனங்களுக்கு, மாட்டுக்கு ஊசி போடுகிற எல்லோருமே 'மாட்டு டாக்டர்'தான். உண்மையில் இவர்களில் பல படிகள் உண்டு.

தமிழ்நாட்டில் 'கால்நடை உதவி மருத்துவர்' என்று பலகையில் எழுதியிருந்தால், 'உதவி' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அவர் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற முழு டாக்டர். அவருக்குத் துணையாக நிற்பவர்கள் கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் முதலியோர். நகரங்களில் நாய், பூனைகளுக்கான தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இப்படிப்பட்ட உதவியாளர்கள் இருக்கிறார்கள்.

இந்த உதவியாளர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இதற்குக் கோடு கிழித்திருக்கிறது. வைத்தியம் செய்வது, பதிவு பெற்ற டாக்டரின் உரிமை. உரிய சான்றிதழ் பெற்று, மாநில அரசின் அனுமதியும் உள்ள உதவியாளர், டாக்டரின் மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்யலாம். தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்றவை அந்தச் சிறு பணிகள்.

சட்டத்தில் இவை 'சிறு' பணிகள். செய்து பார்த்தால்தான் அவற்றின் பெருமை தெரியும்!

கயிறுதான் அரிச்சுவடி

சென்னை வேப்பேரியில் 1903-ம் ஆண்டு 'டாபின் ஹால்' என்ற சிறு கட்டிடத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி துவங்கியது. 1935-ல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டுவிட்டது. புத்தகங்கள் மலைபோல் குவிந்துவிட்டன. ஆனால் உதவியாளரின் அரிச்சுவடி இன்றும் ஒரு முழக் கயிறுதான்.

மாட்டை அணுகுவது எப்படி? பின்புறமாக ஓசையின்றி வரக் கூடாது. குரல் கொடுத்துக்கொண்டே, அது பார்க்கும்படி வரவேண்டும். குதிரை பின்னால் உதைக்கும். மாடோ பக்கவாட்டிலும் காலை வீசும். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மாடு மிரண்டு ஓடினால், கை மணிக்கட்டோடு போய்விடும். முடிச்சு எப்படி இருக்கவேண்டும்? மாடு இழுத்தால் அவிழக் கூடாது; மனிதன் ஒரு நுனியைச் சுண்டினால் உடனே அவிழ்ந்துவிட வேண்டும்.

பெரிய மாட்டைக் கீழே சாய்க்க நான்கு தடியர்கள் வேண்டும் என்பது கிராமத்து நம்பிக்கை. பயிற்சியில் வேறு வித்தை காட்டுகிறார்கள். நீளக் கயிற்றைக் கழுத்திலிருந்து தொடங்கி, மார்பிலும் மடிக்கு முன்னாலும் சுற்றி, பின்னாலிருந்து சீராக இழுத்தால், எருது தானாகவே முழங்கால் மடித்துப் படுத்துவிடுகிறது! பலத்துக்கு அங்கே வேலை இல்லை. கயிறு எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாலில் நாடி!

மனிதனுக்கு மணிக்கட்டில் நாடி பார்க்கிறோம். மாட்டுக்கு எங்கே? வாலின் அடிப்புறத்தில்! வாலைச் சற்றே தூக்கி, அடிப்பக்கத்தில் விரலை வைத்தால் ரத்தக்குழாயின் துடிப்பு தெரியும். நல்ல நிலையில் உள்ள பசுவுக்கு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டி இருக்கும்.

உடல் சூடு 101.5 டிகிரி பாரன்ஹீட் அளவில் இருந்தால் பசுவுக்குச் சுகம்தான். மனிதனுக்கு அது காய்ச்சல். சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயை ஆசனவாயில் செலுத்தி, குடலின் சுவரில் படும்படி சாய்த்துப் பிடிக்கவேண்டும். சாணத்துக்குள் குத்தி வைத்துவிட்டால் சாணத்தின் சூடுதான் தெரியும். குழாயின் நுனியில் நூல் கட்டி வாலோடு இணைக்கவும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் அது உள்ளே போய்விடும்!

இடது விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். உள்ளே இரைப்பை புரளுவது கைக்குத் தெரிகிறது. இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை புரண்டால் நல்லது. அசைவே இல்லையானால் ஆபத்து. பள்ளம் மறைந்து, பறைபோல் உப்பியிருந்தால் பெரிய ஆபத்து. உள்ளே சேர்ந்த காற்று சுவாசத்தையே நிறுத்திவிடும்.

இதையெல்லாம் படம் போட்டு விளக்கலாம்தான். ஆனால் நூறு மாடுகளின் விலாவில் கைவைத்தவருக்கே நூற்றோராவது மாட்டின் கோளாறு புலப்படுகிறது.

புகட்டுவதில் ஓர் எமன்

கிராமத்தில் மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்கிறார்கள்? தலையை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூங்கில் குழாயால் எண்ணெயை ஊற்றுகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் நாக்கைப் பிடித்துவிட்டால் மாட்டால் விழுங்க முடியாது. எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றுக் கோளாறு சரியாகிவிடும். மாடு சில நாளில் நுரையீரல் வீங்கிச் செத்துப் போகும்!

பயிற்சியில் இதை மறுபடி மறுபடி செய்ய வைக்கிறார்கள். தலையை முதுகு மட்டத்துக்கு மேல் அதிகம் தூக்கக் கூடாது. வாயின் ஓரத்தில் சிறிது சிறிதாக விடவேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும். காலாகாலமாக வந்த பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம் என்பதை இங்கே காணலாம்.

காயடிப்பதும் அப்படியே. கல்லாலும் மரக்கட்டையாலும் நசுக்கும் கொடுமை ஒருகாலத்தில் சகஜமாக இருந்தது. இன்று 'பர்டிசோ' என்ற இடுக்கி இருக்கிறது. தோல் கிழியாமல், ரத்தம் சிந்தாமல், உள்ளே செல்லும் விதை நரம்பை மட்டும் அது நசுக்குகிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே, ஒன்றுக்கொன்று சற்று மேலும் கீழுமாகப் பிடிக்கவேண்டும். ஒரே கோட்டில் பிடித்துவிட்டால் ரத்த ஓட்டம் அற்றுப் பை அழுகிவிடும். அரை அங்குலப் பிசகு, அவ்வளவுதான் வித்தியாசம்!

ஐஸ் பெட்டியும் சினை ஊசியும்

ராணிப்பேட்டையில் 1932-ல் ஏற்பட்ட நிலையம் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. அங்கிருந்து புறப்படும் மருந்து, மாட்டின் உடலில் சேரும்வரை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரிலேயே இருக்கவேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டால் மருந்து வீரியம் இழந்துவிடும். பார்வைக்கு அதே புட்டி, அதே மருந்து. ஆனால் ஊசி போட்டும் மாட்டுக்கு நோய் வரும். ஜனங்கள் மருந்தைத் திட்டுவார்கள். தவறு ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்தவருடையது!

கோமாரி நோயையும் கன்று வீச்சு நோயையும் ஒழிக்க 2019-ல் மத்திய சர்க்கார் ஒரு பெரிய திட்டம் துவக்கியது. கன்று வீச்சு நோய்க்கான மருந்து, 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்கு மட்டும் ஆயுளில் ஒரே தடவை போடப்படுவது. அந்த மருந்தில் உயிருள்ள கிருமி இருக்கிறது. ஒரு துளி கண்ணில் தெறித்தாலோ, ஊசி விரலில் குத்தினாலோ, போடுகிறவருக்கே விடாக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரக்கூடும். ஆகவே கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் புட்டியைத் தொடவிடுவதில்லை.

சினை ஊசி போடுவது தனி வித்தை. காளையின் விந்து, மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில், மெல்லிய குழாய்களில் உறைந்து கிடக்கிறது. வெளியே எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைக்கவேண்டும். பிறகு இடது கையை ஆசனவாய் வழியே முழங்கை வரை செலுத்தி, குடற்சுவருக்கு அப்பால் உள்ள கருப்பையின் கழுத்தை விரல்களால் பற்றவேண்டும். வலது கையில் ஊசிக்குழல். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இடது கைதான் கண்!

முதலில் இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் உறுப்புகளை மேஜையில் வைத்துப் பழகுகிறார்கள். பின்னர் உயிருள்ள பசு. பலருக்குப் பல நாட்கள் வரை அந்தக் கழுத்து கைக்கு அகப்படுவதே இல்லை. அகப்பட்ட தினத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்!

இதில் பிசகினால் நஷ்டம் யாருக்கு? பசு மறுபடி பருவத்துக்கு வர 21 நாள் ஆகும். அத்தனை நாள் தீனிச் செலவு ஏழைக்குத்தான். 'காலையில் கத்தினால் மாலையில் ஊசி. மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி' என்பது பயிற்சியாளர்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம்.

நள்ளிரவில் கன்று

பயிற்சியின் பரீட்சை பெரும்பாலும் நள்ளிரவில்தான் வருகிறது. தலைச்சன் பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. சுற்றி நிற்பவர்கள், "இழு, இழு!" என்கிறார்கள்.

இழுக்கலாமா? கூடாது!

கன்று நேராக வந்தால் முன்னங்கால் இரண்டும் முன்னே நீண்டு, தலை அவற்றின்மேல் படிந்திருக்கும். கிணற்றில் குதிக்கிற பையன் கையை நீட்டிக்கொண்டு பாய்வதுபோல. ஒரு கால் மடங்கியிருந்தாலும், தலை திரும்பியிருந்தாலும், இழுத்தால் கருப்பை கிழியும். தாயும் போகும், சேயும் போகும்.

கையைச் சோப்பினால் கழுவி, வழுக்கல் தடவி, உள்ளே செலுத்திப் பார்க்கவேண்டும். அகப்பட்டது முன்னங்காலா, பின்னங்காலா? கணுவும் அடுத்த மூட்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இருட்டிலும் பொய் சொல்லாத கணக்கு இது!

கணக்கு நேராக இருந்தால் உதவலாம். கோணலாக இருந்தால் டாக்டரை அழைக்கவேண்டும். டாக்டர் தொலைவில் இருந்தால், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்ணைச் சுழற்றவேண்டும். "இது என் வேலை அல்ல" என்று சொல்வது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். இத்தொழிலிலோ அதைச் சொல்லக் கற்பதற்கே தைரியம் வேண்டும். ஊரே சுற்றி நின்று அவசரப்படுத்தும்போது, தன் கையைத் தானே கட்டிப்போட வேண்டியிருக்கிறது.

திறக்கக் கூடாத உடல்

ஒரு மாடு திடீரென்று செத்துக் கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம். அது உறையவே இல்லை. என்ன நோய் என்று அறுத்துப் பார்க்க ஆவல் உண்டாகும்.

அறுக்கவே கூடாது! அது அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலைத் திறந்து காற்றுப் பட்டால், கிருமி கெட்டியான ஓடு போர்த்துக்கொண்டு, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பேரன் காலத்து மாடு அங்கே மேய்ந்தாலும் நோய் வரும். தோலை உரிப்பவருக்கும் ஆபத்து. உடனே டாக்டருக்குச் சொல்லி, ஆறு அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும்.

ஒரு புட்டியும் கழுகுக் கூட்டமும்

வலி மருந்தில் கூடவா உலகம் அடங்கியிருக்கிறது? அடங்கியிருக்கிறது!

'டைக்ளோபினாக்' என்ற மருந்தை ஒருகாலத்தில் மாடுகளுக்குத் தாராளமாகப் போட்டார்கள். மாட்டுக்கு வலி தீர்ந்தது. ஆனால் அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இந்தியாவில் சில வகைக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்துபோயின. 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதேபோல் ஊறு செய்யும் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவையும் 2023-ல் தடைக்குள்ளாயின. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் எஞ்சியுள்ள கழுகுகள், ஏதோ ஒரு கிராமத்து மருந்துப் பெட்டியில் எந்தப் புட்டி இருக்கிறது என்பதை நம்பித்தான் பறந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே புட்டியின் மேல் உள்ள எழுத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லித் தருகிறார்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, ஊசியில் ஏற்றும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை. கிருமிக்கொல்லி மருந்து போட்ட பசுவின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லியே தீரவேண்டும். அந்தப் பாலைக் குடிக்கப்போவது யாரோ ஒரு வீட்டுக் குழந்தை.

வெக்கையை வென்ற கைகள்

இந்தச் சிறு பணிகள் சேர்ந்தால் என்ன ஆகும்? வெக்கை நோயின் கதையைக் கேட்டால் தெரியும்.

ஒருகாலத்தில் வெக்கை வந்தால் மாட்டுத் தொழுவங்கள் காலியாகிவிடும். உழ எருது இல்லாமல் நிலம் தரிசாகும். 1954-ல் இந்தியா அதை ஒழிக்கப் பெரிய இயக்கத்தைத் துவக்கியது. விஞ்ஞானிகள் மருந்து கண்டார்கள். டாக்டர்கள் திட்டம் வகுத்தார்கள். ஆனால் வரப்பிலும் மேட்டிலும் ஐஸ் பெட்டியைச் சுமந்து, மாடு மாடாகப் போய் ஊசி குத்தியவர்களில் உதவியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1995-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011-ல் உலகத்திலிருந்தே வெக்கை ஒழிந்துவிட்டது என்று பிரகடனம் வந்தது. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு, பூமியிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே!

இன்று முப்பது வயதுள்ள குடியானவருக்கு வெக்கை என்றால் என்னவென்றே தெரியாது. ஊசி குத்தியவர்களின் பெயரும் யாருக்கும் தெரியாது.

கிழவியின் பசு

வேப்பமரத்தடிக்குத் திரும்புவோம்.

டாக்டர் கேள்வி கேட்கிறார். நாய் கடித்ததா? இல்லை. இரவெல்லாம் கத்தியதா? இல்லை. எப்போது துவங்கியது? மேய்ந்துவிட்டு வந்தவுடன் திடீரென்று. பசுவின் இடது விலா லேசாக உப்பியிருக்கிறது. கழுத்தின் இடப்புறத்தை வெளியிலிருந்து தடவிப் பார்க்கிறார். நடுவில் கெட்டியாக ஓர் உருண்டை!

"நேத்து சந்தைப் பக்கம் மேய்ஞ்சுதா பாட்டி?"

"ஆமாங்க ஐயா. பழக்கடைக் குப்பையில வாய் வெச்சுது."

இரண்டு கைகளிலும் நீண்ட உறை ஏறுகிறது. வாய் மூடாமலிருக்க இரும்புக் கருவி மாட்டப்படுகிறது. இளைஞர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். கையில் சுற்றிக்கொள்ளாமல், கற்றுக்கொடுத்தபடியே பிடிக்கிறார். அவருடன் பயிலும் பெண் கழுத்தின் வெளிப்புறத்திலிருந்து உருண்டையை மெல்ல மெல்ல மேலே தள்ளுகிறார். டாக்டரின் கை உள்ளே போகிறது. பசு திமிறுகிறது. கயிறு அசையவில்லை.

வெளியே வந்தது ஒரு மாங்கொட்டை!

பசு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. விலாவின் வீக்கம் மெல்ல இறங்கியது. சற்று நேரத்தில் முன்னால் கிடந்த புல்லை முகர்ந்து பார்த்தது.

கிழவி டாக்டரைக் கும்பிட்டாள். பிறகு இளைஞரின் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மகராசனா இரு தம்பி" என்றாள்.

இளைஞர் கூச்சத்தோடு, "நான் ஒண்ணும் பண்ணலை பாட்டி. கயித்தைத்தான் பிடிச்சேன்" என்றார்.

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அதை ஒழுங்காப் பிடிச்சீங்களே தம்பி. அடுத்த மாட்டைக் கொண்டுவாங்க."